கறுப்பின மாணவர்களுக்கான கோடைத் தலைமைப் பயிற்சி முகாம்: ஒரு கல்லூரி அதை நடத்துவது எப்படி?

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். அன்று மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையை உலகம் அறியும். அந்தக் கூட்டத்துக்காக நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் தொண்டர்கள் 80,000 சீஸ் சாண்ட்விச் பொட்டலங்களைக் கட்டி அனுப்பியது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. சாப்பாடு, குடிநீர், கழிவறை, பஸ் நிறுத்தம் என எல்லாவற்றையும் ஏறத்தாழ இரண்டே மாதங்களில் திட்டமிட்டவர் பேயார்ட் ரஸ்டின். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தரப் புறப்படும் கல்லூரி, கிங்கின் படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சாண்ட்விச் பொட்டலத்தின் படத்தையும் மாட்டிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்கக் கல்லூரிகளில் பேராசிரியர்களாகவும் நிர்வாகிகளாகவும் தமிழர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை டீன் அழைத்து, "வரும் கோடையில் உயர்நிலைப்பள்ளிக் கறுப்பின மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி முகாம் நடத்தப்போகிறோம், ஒருங்கிணைப்பு உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிடுவது நடக்கக்கூடியதுதான். எனக்கு அப்படித்தான் நடந்தது. மூன்று கோடைகள் அந்த வேலையில் நின்றேன். முதல் கோடையில் செய்த தவறுகளின் பயனே இந்த வழிகாட்டி.

செப்டம்பர்: யாருக்காக, எதற்காக?

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. வசதியற்ற குடும்பப் பிள்ளைகளைக் கோடையில் கல்லூரி வளாகத்தில் தங்கவைத்துத் தயார்செய்யும் 'அப்வர்ட் பவுண்ட்' என்ற கூட்டரசுத் திட்டம் 1965 முதல் இருந்துவருகிறது. அதற்கு முந்தைய 1964 கோடையில் மிசிசிப்பியில் தன்னார்வ மாணவர்கள் 'சுதந்திரப் பள்ளிகள்' நடத்தினார்கள்; தேவாலயங்களின் அடித்தளங்களிலும் மரநிழல்களிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்தார்கள். டெல்லூரைடு என்ற கல்வி அமைப்பு சில பல்கலைக்கழகங்களில் கறுப்பின வரலாறு, சிந்தனை பற்றிய கோடைக் கருத்தரங்குகளை இலவசமாக நடத்துகிறது. அங்கே வீட்டு நிர்வாகத்தையும் மாணவர்களே கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள்.

இவற்றில் எதன் வழியில் போகப்போகிறீர்கள் என்பதை முதலில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆள்பிடிப்பதுதான் உண்மையான நோக்கமென்றால் அதை மறைக்காதீர்கள். பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். கையேட்டு அட்டைக்குப் புகைப்படம் எடுப்பதற்காக அழைக்கப்பட்டோம் என்று ஒரு மாணவிக்குத் தோன்றிவிட்டால், அதன்பின் எந்த வகுப்பும் அவள் காதில் ஏறாது.

அக்டோபர்: சட்ட ஆலோசகரின் அறைக்குப் போங்கள்

பலர் இதைக் கடைசிக்கு ஒத்திப்போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். கூட்டரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் இனத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. அரசுப் பணம் தொடாத தனியார் நிதிக்கும் முழு விலக்கு இல்லை. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று அறிவித்த பியர்லெஸ் நிதியத்தின் மானியப் போட்டியை 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தடுத்து நிறுத்தியது. அதற்கு அடிப்படையாக இருந்தது, விடுதலையான அடிமைகளைக் காக்க 1866இல் இயற்றப்பட்ட சட்டம். வரலாற்றின் இந்தக் குசும்பைப் பிறகு வகுப்பில் விவாதத்துக்கு வையுங்கள். பிள்ளைகள் பிரமாதமாகப் பேசுவார்கள்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? விண்ணப்பத்தில் "கறுப்பினத்தவர் மட்டும்" என்ற நிபந்தனை கூடாது. முகாமின் பாடமும் நோக்கமும் கறுப்பினச் சமூகங்களின் வரலாற்றையும் தலைமையையும் மையமாகக் கொண்டிருக்கலாம். விண்ணப்பிக்கும் கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்ட், மோர்ஹவுஸ் போன்ற 'வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளும்' எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்பவைதான். தேர்வுக் குழுவிடம் இனம் பற்றிய பெட்டிக்குறியைக் கொடுக்காதீர்கள். கட்டுரைக் கேள்வி இப்படி இருக்கட்டும்: "உங்கள் தெருவில், பள்ளியில், தேவாலயத்தில் நீங்கள் மாற்ற நினைக்கும் ஒன்று எது? இதுவரை யாரிடம் பேசினீர்கள்?" இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே யாரிடமாவது பேசிப்பார்த்தவர்களை அது வெளிக்கொண்டுவரும்.

துண்டறிக்கையின் வாசகம் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஆலோசகரிடம் காட்டுங்கள். இந்தத் துறையில் காற்று அடிக்கடி திசை மாறுகிறது. போன வருட ஒப்புதல் இந்த வருடத்துக்குச் செல்லாது.

நவம்பர்: தேதி

ஜூலைதான் சரி. அட்லாண்டா பக்கம் பள்ளிகள் மே இறுதியில் மூடி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். நியூயார்க் நகரத்திலோ ஜூன் கடைசி வாரம் வரை வகுப்பு நடக்கும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வேண்டுமென்றால் ஜூலை 5க்குப் பிறகு தொடங்கி 20 வாக்கில் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் தென்மாநிலங்களில் கால்பந்துப் பயிற்சியும் இசைக்குழுப் பயிற்சியும் குறுக்கே வரும். அணிவகுப்பு இசைக்குழுவில் டிரம் அடிக்கும் பையனிடம் "பயிற்சிக்குப் போகாதே" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஜூனில் நடத்தியே ஆகவேண்டும் என்றால் 19ஆம் தேதியை நினைவில் வையுங்கள். 1865இல் டெக்சாசின் கால்வெஸ்டனில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்ட ஜூன்டீன்த் நாள் அது. 2021 முதல் கூட்டரசு விடுமுறை. பல கல்லூரிகளில் அலுவலகங்கள் மூடியிருக்கும். உணவகம் திறந்திருக்குமா என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்று பிள்ளைகளை வகுப்பில் அடைத்துவைக்கவும் கூடாது.

தேதி முடிவானதும் குளிர்சாதன வசதியுள்ள விடுதிக் கட்டடத்தைப் பிடியுங்கள். பழைய விடுதி அழகாக இருக்கும், வாடகையும் குறைவு. ஆனால் ஜூலையில் மூன்றாம் மாடியில் தூங்க முடியாது. தூங்காத பிள்ளை காலையில் எதைக் கற்கும்?

பணம்

இரண்டு வாரம், அதாவது ஞாயிறு மாலை வந்து இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினால் 13 இரவுகள். 40 மாணவர்கள், கூடவே தங்கும் 6 ஆலோசகர்கள் என்று வைத்துக்கொண்டால் 598 படுக்கை இரவுகள். பேச்சுக்கு ஓர் இரவுக்கு 45 டாலர், ஒரு நாள் சாப்பாட்டுக்கு 35 டாலர் என்று போட்டால் இவை இரண்டுக்கும் சேர்த்து 47,840 டாலர். ஆலோசகர்களுக்குத் தலா 2,500 என்றால் இன்னொரு 15,000. ஆக 62,840, அதாவது ஒரு மாணவருக்கு 1,570 டாலருக்குச் சற்று மேல். இதில் ஆசிரியர் ஊதியம் இல்லை, பஸ் இல்லை, காப்பீடு இல்லை, துணி துவைக்கும் காசும் இல்லை. உங்கள் கல்லூரியின் விலைகளைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தலைக்கு 2,000 டாலரைத் தாண்டுவதற்கே வாய்ப்பு அதிகம்.

கல்லூரி தன் சொந்த விடுதிக்குத் தன்னிடமே வாடகை கேட்கும் விசித்திரத்தை இங்கேதான் முதலில் பார்ப்பீர்கள். கோடையில் விடுதிகளை மாநாட்டு அலுவலகம் வருமானத்துக்காக நடத்தும். விளையாட்டு முகாம்களுக்குக் கொடுக்கும் விலையையே உங்களுக்கும் சொல்வார்கள். பேரம் பேசுங்கள். டீனிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேரம் சீக்கிரம் முடியும்.

கட்டணம் வாங்காதீர்கள். அது போதாது, கையிலும் ஏதாவது கொடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் கோடையில் மளிகைக் கடையிலோ துரித உணவகத்திலோ வேலை பார்த்து வீட்டுக்கு உதவுகிறவர்கள். இரண்டு வாரம் முகாமுக்கு வந்தால் இரண்டு வாரச் சம்பளம் போயிற்று. முதல் கோடையில், நாங்கள் தேர்ந்தெடுத்ததிலேயே சிறந்த விண்ணப்பம் எழுதியிருந்த மாணவி வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "அம்மாவுக்கு ஜூலை வாடகைக்கு என் பணம் வேண்டும் ஐயா" என்றாள். இலவசம் என்று பெருமையாக அச்சடித்திருந்த துண்டறிக்கை என் மேசையில் கிடந்தது. மறுவருடம் நன்கொடையாளர்களிடம் முதலில் கேட்டது உதவித்தொகைக்கான பணத்தைத்தான்.

சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்ட வேளாண் துறையின் கோடை உணவுத் திட்டம் இருக்கிறது. வருமானத் தகுதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விடுதி முகாம்களும் அதில் ஈட்டுத்தொகை கேட்கலாம். மாநில அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். காகித வேலை அதிகம். வசந்த காலம் தொடங்குவதற்கு முன்பே கையில் எடுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை: பிள்ளைகளைத் தேடிப் போவது

பள்ளி ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் வகுப்பில் முதல் மூன்று மதிப்பெண் எடுப்பவர்களின் பெயர் வரும். அவர்கள் எப்படியும் ஏதாவது ஒரு முகாமுக்குப் போகிறவர்கள். உங்களுக்கு வேண்டியது, ஆசிரியரோடு வாதாடியதற்காகத் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும்கூட. அவரை அறிந்தவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்: தேவாலய இளைஞர் குழுத் தலைவர், முடிதிருத்தும் கடைக்காரர், இசைக்குழு ஆசிரியர், பள்ளி பஸ் ஓட்டுநர், நூலகர். கறுப்பின மாணவர்களின் சகோதரத்துவ, சகோதரித்துவச் சங்கங்கள் ஒன்பதை 'டிவைன் நைன்' என்பார்கள். அவற்றின் பட்டதாரிக் கிளைகள் ஊர்தோறும் இருக்கின்றன. ஒரு கிளைக் கூட்டத்துக்கு நேரில் போய்ப் பத்து நிமிடம் பேசுவது நூறு மின்னஞ்சலுக்குச் சமம். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தேவாலய வாசலில் நின்று கொடுத்த துண்டறிக்கைகளிலிருந்துதான் எங்களுக்கு அதிக விண்ணப்பங்கள் வந்தன. தேவாலயத்தில் கொடுக்கும் காகிதத்தைப் பாட்டிமார்கள் பத்திரப்படுத்துகிறார்கள். அது குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்படுகிறது.

விண்ணப்பத்தைக் கைப்பேசியிலேயே நிரப்பும்படி வையுங்கள். பரிந்துரைக் கடிதம் ஒன்று போதும், அதையும் ஆசிரியர்தான் தரவேண்டும் என்றில்லை. தேர்வு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பெற்றோரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இரவில் யார் கூட இருப்பார்கள்?

இரவில் கூட இருப்பவர்கள்

2011இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைக் கால்பந்துப் பயிற்சியாளர் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்காகக் கைதானபிறகு, வளாகத்துக்கு வரும் சிறார்கள் குறித்த விதிகளை அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் கடுமையாக்கின. உங்கள் கல்லூரியிலும் ஒரு கொள்கை இருக்கும். அதைத் தேடி எடுத்து முழுக்கப் படியுங்கள். பின்னணிச் சோதனை எல்லா ஊழியர்களுக்கும், ஒரு மணி நேரம் பேச வரும் பேராசிரியர் வரைக்கும், வேண்டுமா என்று கேளுங்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. சந்தேகம் எழுந்தால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது ஒவ்வோர் ஆலோசகருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இரவு தங்கும் முகாம்களில் 15 முதல் 18 வயதினர் பத்துப் பேருக்கு ஓர் ஊழியர் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவு. நாற்பது பேருக்கு நால்வர் போதும் என்று கணக்கு சொல்லும். நள்ளிரவில் ஒரு பையனுக்கு வயிற்றுவலி வந்து ஓர் ஆலோசகர் அவசர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்திருக்க, இன்னொருவருக்கு அன்று ஓய்வு நாளாக இருந்தால் கட்டடத்தில் மிஞ்சுவது இருவர். அதனால்தான் மேலே ஆறு பேர் என்று போட்டேன்.

அந்த அறுவர் யார் என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் கல்லூரியிலேயே படிக்கும் கறுப்பின மாணவர்கள், முடிந்தால் இதே மாதிரி ஊர்களிலிருந்து வந்தவர்கள் வேண்டும். முகாமில் வருகிற சொற்பொழிவாளர்களைவிட இரவு பதினொரு மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசும் இருபது வயது அக்காவின் பேச்சுதான் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். முகாமுக்கு முன் நான்கு நாள் பயிற்சி கொடுங்கள், அந்த நாட்களுக்கும் சம்பளத்தோடு.

உடம்பு, தலைமுடி, தண்ணீர்

மருத்துவப் படிவத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா, மருந்துகள் எல்லாம் வழக்கம்போல இருக்கும். கூடவே அரிவாளணுப் பண்பு (sickle cell trait) பற்றிக் கேளுங்கள்; இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கும் நோயின் மரபணு தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருப்பதுதான் அது. அமெரிக்காவில் பிறக்கும் கறுப்பினக் குழந்தைகளில் 13க்கு ஒருவருக்கு இந்தப் பண்பு இருக்கிறது. 365க்கு ஒருவருக்கு நோயே இருக்கிறது. பண்பு மட்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்வார்கள். ஆனால் கடும் வெயிலில், போதிய தண்ணீர் இல்லாமல், மூச்சிரைக்க ஓடவைத்தால் ஆபத்து நேரலாம். குழு விளையாட்டு என்ற பெயரில் நண்பகல் ஓட்டப்பந்தயம் வைக்கும் உற்சாகிகளைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

அடுத்தது தலைமுடி. சிரிக்காதீர்கள், நானும் முதல் வருடம் சிரித்தேன். பின்னிய முடி அவிழ்ந்தால் மறுபடி பின்னப் பல மணி நேரம் ஆகும். மழையில் நனைந்தால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். முடியின் இயல்பையும் பின்னலையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டமே தேவைப்பட்ட நாடு இது. 2019இல் கலிபோர்னியா கொண்டுவந்த 'கிரவுன்' சட்டத்தைப் பிறகு பல மாநிலங்களும் பின்பற்றின. எனவே அட்டவணையில் சனிக்கிழமைப் பிற்பகலைக் காலியாக விடுங்கள். ஊரில் உள்ள முடிதிருத்துபவரையும் பின்னல்காரரையும் விடுதிக்கு வரவழைத்துக் கூலி கொடுங்கள். அந்தப் பிற்பகலில் பொதுவறை ஒரு நாட்டு மன்றம்போல ஆகிவிடும். உங்கள் வகுப்பில் வாய் திறக்காத பையன் அங்கே அரசியல் பேசிக்கொண்டிருப்பான்.

கல்லூரியின் நீச்சல் குளத்தைக் காட்டிப் பெருமைப்படும் ஆசையும் வரும். தெற்கில் பல நகரங்கள் கறுப்பினத்தவரோடு சேர்ந்து நீந்துவதைவிட மேல் என்று பொதுக் குளங்களையே மூடி மண் போட்டு மூடின. நீச்சல் தெரியாத தலைமுறைகள் அப்படித்தான் உருவாயின. உயிர்காப்பாளரும் நீச்சல் சோதனையும் இல்லாமல் யாரையும் குளத்தில் இறக்காதீர்கள். ஆழமற்ற பக்கத்தில் நீச்சல் கற்றுத்தர ஆள் வைத்தால் அதைவிட நல்லது.

வளாகக் காவலர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்

2018 ஏப்ரலில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப்பார்க்க வந்த இரண்டு பூர்வகுடிச் சகோதரர்களைப் பார்த்து, கூட வந்த ஒரு பெற்றோர் காவல்துறையை அழைத்தார். சில நாட்களிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் தன் விடுதியின் பொதுவறையில் கண்ணயர்ந்த கறுப்பின மாணவி ஒருவருக்காகவும் காவலர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர் அங்கே படிக்கிற மாணவி. உங்கள் பிள்ளைகளோ பதினாறு வயதினர், வழி தெரியாதவர்கள், கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள்.

எனவே காவல் தலைமை அதிகாரியை ஜூன் மாதமே சந்தியுங்கள். பணிமுறை மாறும் எல்லாக் காவலர்களுக்கும் முகாம் பற்றிய தகவல் போகவேண்டும். நூலகம், உணவகம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றின் முகப்பு மேசைகளுக்கும்தான். முதல் நாள் மாலையில் இரண்டு காவலர்கள் வந்து பிள்ளைகளோடு சாப்பிட்டால் நல்லது. கல்லூரியின் நிறத்தில் கழுத்துப் பட்டை, கதவு திறக்கும் அட்டை இரண்டும் வந்த அன்றே கையில் கிடைக்க வேண்டும். எங்கள் முதல் முகாமில் அட்டைகள் மூன்றாம் நாள்தான் அச்சாகி வந்தன. இரண்டாம் நாள் மாலை, தங்கள் சொந்த விடுதிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நான்கு பையன்களிடம் "இங்கே என்ன வேலை?" என்று கேட்கப்பட்டது. குரலில் மரியாதை இருந்தது என்றுதான் சொன்னார்கள். அன்று இரவு அவர்கள் சாப்பிட வரவில்லை.

ஜூலை: என்ன கற்றுத்தருவது?

கைகுலுக்குவது எப்படி, மேடையில் எப்படி நிற்பது, 'உங்கள் தலைமைப் பாணி என்ன' என்ற வினாத்தாள் இவற்றுக்கு ஒரு காலைப்பொழுதுக்கு மேல் தராதீர்கள். இந்த மண்ணில் கறுப்பின இளைஞர்கள் செய்துகாட்டியதே போதுமான பாடத்திட்டம். என் கைவசம் உள்ள மிகச் சிறந்த பாடம் வர்ஜீனியாவின் பார்ம்வில் ஊர்ப் பள்ளி.

1951. 180 பேருக்காகக் கட்டிய மோட்டன் உயர்நிலைப்பள்ளியில் 450க்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்கள். இடம் போதாமல் தார்க்காகிதம் அடித்த கொட்டகைகளைப் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் ஒழுகும். பெற்றோர் மனுக்கொடுத்துக் களைத்துவிட்டார்கள். பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி சில தோழர்களோடு ரகசியமாகத் திட்டமிட்டாள். இந்த இடத்தில் கதையை நிறுத்துங்கள். பிள்ளைகளை எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, "இன்று ஏப்ரல் 22. நாளைக் காலை மொத்தப் பள்ளியும் வெளியேற வேண்டும். ஆசிரியர்களுக்கு வேலை போகக் கூடாது. எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

பிறகு மீதிக் கதை. தலைமையாசிரியரைப் பொய்த் தொலைபேசி அழைப்பால் ஊருக்குள் வரவழைத்தார்கள்; அவர் இல்லாதபோது அவர் பெயரில் ஆசிரியர்களுக்குச் சீட்டு அனுப்பிக் கூட்டம் கூட்டினார்கள்; திரை விலகியதும் மேடையில் நின்றது பார்பரா. அவர் ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னார். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நடந்தது. வழக்கறிஞர்கள் வந்து, நல்ல கட்டடம் கேட்டு வழக்காட மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதென்றால் வருகிறோம் என்றார்கள். அந்த வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரண் என்ற 1954இன் பிரவுன் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் ஒன்றானது. விலையையும் சொல்லுங்கள்: பாதுகாப்புக்காகப் பார்பராவைக் குடும்பம் அலபாமாவில் உள்ள தந்தையின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 1959 முதல் 1964 வரை அந்த மாவட்டம், கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைத் தவிர்க்கப் பொதுப் பள்ளிகளையே பூட்டிவைத்தது. தலைமைக்குக் கொடுத்த விலையை மறைத்துச் சொல்லும் பாடம் பிள்ளைகளை ஏமாற்றும் பாடம்.

பொய்த் தொலைபேசி அழைப்பு சரியா தவறா? எங்கள் முகாமில் இந்த ஒரு கேள்வி இரவு உணவு வரை ஓடியது.

இன்னொரு பாடம் மான்ட்கோமரி. பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான 1955 டிசம்பர் 1 இரவு, அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஜோ ஆன் ராபின்சன், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் நகல் எந்திரத்தில் பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடியும்வரை அச்சடித்தார். சம்பளம் கொடுப்பது மாநில அரசு, எந்திரம் மாநில அரசுடையது, எதிர்ப்பும் மாநில அமைப்புக்கு எதிராக. பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. ஊர் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, பஸ் இல்லாமல் வேலைக்குப் போகவேண்டியவர்களைக் கார்களில் ஏற்றி இறக்கும் திட்டம் போடச் சொல்லுங்கள். கணக்குப் பிடிக்காத பிள்ளைகள்கூடக் கணக்குப் போடுவார்கள்.

எல்லா பேக்கர் (Ella Baker) என்ற உரிமைப் போராட்ட அமைப்பாளரையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்க் காதுக்கு அவர் பெயரே பொருத்தமாக ஒலிக்கிறது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு முதலாண்டுக் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவகத்தில் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் ஊர் ஊராகப் பரவியபோது, அவர் ஏப்ரலில் அந்த மாணவர்களைத் தாம் படித்த ஷா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். பெரியவர்களின் அமைப்புக்குக் கிளையாகிவிடாதீர்கள், உங்கள் முடிவை நீங்களே எடுங்கள் என்றார். எஸ்என்சிசி என்ற மாணவர் அமைப்பு அங்கே பிறந்தது. முகாம் நடத்தும் பெரியவர்கள் இந்தப் பாடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

ஒரு பிற்பகல் உங்கள் கல்லூரியின் சொந்த வரலாற்றுக்கு. ஆவணக் காப்பாளரை அழைத்து, இந்தக் கட்டடங்களைக் கட்டியது யார், முதல் கறுப்பின மாணவர் எந்த ஆண்டு சேர்ந்தார், அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு என்ன பதில் போனது என்ற தாள்களைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியை நடத்திய ஏசு சபையினர் 1838இல் 272 அடிமை மக்களை விற்ற விவகாரத்தில், விற்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலே கிடைத்திருக்கிறது. உங்கள் கல்லூரி வரலாறு அவ்வளவு கொடியதாக இல்லாமல் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை. அடிமைக் கப்பலை நடித்துக்காட்டுவது, வசைகளை ஒருவர்மேல் ஒருவர் வீசிப் 'பொறுமைப் பயிற்சி' செய்வது போன்ற எதையும் அனுமதிக்காதீர்கள். அறுபதுகளின் பயிற்சிப் பட்டறைகளில் அப்படி ஒத்திகை பார்த்தவர்கள் மறுநாள் உண்மையிலேயே அடிவாங்கப் போகிறவர்கள். உங்கள் பிள்ளைகள் மறுநாள் போவது சிற்றுண்டிக்கு.

சாவியைக் கொடுங்கள்

முகாமின் உண்மையான பயிற்சி இதுதான். முதல் இரவே பிள்ளைகளை ஒரு மன்றமாக உட்காரவைத்து மூன்று விஷயங்களை ஒப்படையுங்கள்: இரவு அமைதி நேரம் (பாதுகாப்பு விதிகளின் எல்லைக்குள்), கைப்பேசி விதி, நிறைவு விழாவுக்கான 1,000 டாலர். கடைசிப் பொருள் உண்மைப் பணமாக இருக்க வேண்டும். முடிவு தவறாகத் தெரிந்தாலும் தலையிடாதீர்கள்.

எங்கள் முதல் குழு பாதிக்கும் மேல் பணத்தைச் சட்டைகளுக்குச் செலவிட்டது. நிறைவு விழாவுக்கு எண்பது விருந்தினர் வந்தார்கள். கோழி வறுவல் நாற்பது பேரோடு தீர்ந்துபோனது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் சட்டைப்பையில் கல்லூரியின் கடன் அட்டை இருந்தது. எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு மாணவி நாற்காலிமேல் ஏறி, "உறவினர்கள் முதலில் சாப்பிடுங்கள், நாங்கள் பிறகு" என்று அறிவித்தாள். இன்னும் இரண்டு பேர் உணவகச் சமையலறைக்கு ஓடிப் பேசி ரொட்டியும் பழமும் வாங்கிவந்தார்கள். மறுவருடம் ரஸ்டினின் சாண்ட்விச் கதையை முதல் நாளுக்கு மாற்றிவைத்தேன்.

அட்டவணையில் சிறிய விஷயங்கள் சில. வகுப்பு காலை 9க்கு முன் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். உணவகம் மூடியிருக்கும், எனவே பொதுவறையில் தின்பண்டம் இருக்கட்டும். வீட்டு நினைவு மூன்றாம் நாள்தான் உச்சத்தில் இருக்கும், முதல் நாள் அல்ல. மழைநாள் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும்.

கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு பொழுது

அதற்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த ஒரு பொழுது உருப்படியாக இருக்க வேண்டும். கூட்டரசு மாணவர் நிதியுதவிப் படிவத்தைத் திரையில் போட்டு, கற்பனைக் குடும்பம் ஒன்றுக்காக வரிவரியாக நிரப்பிக் காட்டுங்கள். வசதியற்ற மாணவர்களுக்குக் கூட்டரசு தரும் பெல் மானியத்தின் உச்ச அளவு 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர். கல்லூரியின் மொத்தச் செலவுக்குப் பக்கத்தில் அதை எழுதி, இடைவெளியை யார் அடைப்பது என்று கேளுங்கள். மானியம் எது, கடன் எது என்று உதவிக் கடிதத்தில் பிரித்துக் காட்டத் தெரிந்தால் அதுவே பெரிய வரவு. உங்கள் கல்லூரி ஏற்ற இடமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளின் பட்டதாரிகள் இருவரை அழைத்துப் பேசவைக்க உங்கள் சேர்க்கை அலுவலகம் முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

ஆகஸ்டுக்குப் பிறகு

முகாம் முடிந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு நன்றிக் கடிதம் போகும், புகைப்படங்கள் போகும். பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமையை இப்போதே குறித்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் முகாமில் எழுதிய திட்டம், அதாவது பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு விளக்கு, நூலகத்துக்கு ஞாயிறு நேரம், கறுப்பின வரலாற்று வகுப்பு, எதுவானாலும், எங்கே நிற்கிறது என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு. பாதிப் பேர் தொடங்கியிருக்க மாட்டார்கள். அவர்களிடம் "ஏன்" என்று கேட்காமல், "யாரிடம் பேசவேண்டியிருக்கிறது, எண் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மாணவர் கருத்துப் படிவத்தில் 'முகாம் பிடித்ததா' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'நாங்கள் தவறவிட்டது என்ன' என்று போடுங்கள். கதவு அட்டை விவகாரம் எனக்கு அப்படித்தான் முழுதாகத் தெரியவந்தது. அந்த நால்வரில் ஒருவன் அடுத்த இரண்டு வருடம் கழித்து, கல்லூரி மாணவனாக, எங்களிடமே ஆலோசகர் வேலைக்கு விண்ணப்பித்தான். பயிற்சியின் முதல் நாள் அவன் கேட்ட முதல் கேள்வி, அட்டைகள் அச்சாகிவிட்டனவா என்பதுதான். மேசை இழுப்பறையைத் திறந்து நாற்பதையும் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கதவில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.